பாயின்ட்டைப் பார்த்துச் சம்பளம், முதலாளியைப் பார்த்து ஸ்டாண்ட்-அப்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ள அரிசி ஆலைகளுக்கு எடைமேடை, நெல் கொள்முதல், கணக்கு எல்லாம் சேர்ந்த ஒரு மென்பொருள் கொடுக்கிறோம். எங்கள் எம்.டி. சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். அதிலிருந்து ஒரு வருடமாக, வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து அடிக்கடி முடித்துக் கொடுக்கும் அஜைல் முறைதான். தினமும் காலை ஸ்டாண்ட்-அப் என்ற நிலவரக் கூட்டம் நடக்கிறது. முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட், அதாவது இதற்குள் இன்னின்ன வேலை என்று திட்டமிட்ட ஒரு சுற்று. ஒவ்வொன்றிலும் பாதி வேலை அடுத்ததற்குத் தள்ளிப்போகிறது. நடுவில் ஆலைக்காரர்கள் போன் செய்து அவசரம் என்கிறார்கள். எது சரியாக நடந்தது, எது இல்லை என்று பேசுவதற்கான ரெட்ரோ மீட்டிங்கில் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் அதன் அளவைப் பார்த்துப் பாயின்ட் போட்டு, ஜிரா என்ற மென்பொருளில் பதிகிறோம். அதில் யார் எத்தனை பாயின்ட் முடித்தார்கள் என்று பார்த்துத்தான் இந்த வருட இன்கிரிமென்ட்டை எம்.டி. போட்டார். அதற்குப் பிறகு டீமில் ஒருவருக்கொருவர் சரியாகப் பேசிக்கொள்வதுகூட இல்லை. இரண்டு பேர் சென்னைக்குப் போகப்போவதாகச் சொல்கிறார்கள். அஜைலை விட்டுவிடலாமா, இல்லை அதைச் சரியாகச் செய்யச் சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு கோச்சை அழைக்கலாமா? எம்.டி. கோச்சைத்தான் விரும்புகிறார்.
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: கோச் வேலை பார்த்துப் பிழைப்பவன் நான். இருந்தாலும் சொல்கிறேன், இப்போதைக்குக் கோச் வேண்டாம். அஜைலை விடுவதா வேண்டாமா என்ற கேள்வியையும் ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இன்கிரிமென்ட் பற்றிய அந்த ஒரு வரி. அதைச் சரிசெய்யாமல் யாரை அழைத்து வந்தாலும் இன்னும் இரண்டு மீட்டிங் கூடும், அவ்வளவுதான்.

பாயின்ட்டைப் பார்த்துச் சம்பளம் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள உங்கள் ஜிராவைத் திறந்தாலே போதும். ஒரு திரையில் கூடுதலாக ஒரு கட்டம் சேர்க்கும் வேலைக்குப் போன வருடம் எத்தனை பாயின்ட் போட்டார்கள், இப்போது எத்தனை போடுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டாக இருந்தது ஐந்தாகியிருக்கும். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு ஏமாற்றவில்லை. வீட்டு வாடகை கட்டுகிற மனிதர் எவரும் அப்படித்தான் செய்வார். அப்புறம், பாயின்ட்டே இல்லாத வேலைகளைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கப் பாயின்ட் கிடையாது. ஆலையிலிருந்து வரும் போனை எடுக்கக் கிடையாது. இன்னொருவர் எழுதிய புரோகிராமைப் படித்து 'இங்கே தப்பு வரும்' என்று சொல்லக் கிடையாது. பேச்சு நின்றுபோனதில் ஆச்சரியம் என்ன? சென்னைக்குக் கிளம்புகிற அந்த இருவர் யார் என்று கொஞ்சம் கவனியுங்கள். நான் பார்த்த டீம்களில், மற்றவர்களுக்கெல்லாம் கைகொடுத்துவிட்டுத் தன் கணக்கில் பாயின்ட் குறைந்துபோனவர்தான் முதலில் கிளம்புவார்.

இந்தப் பாயின்ட் எங்கிருந்து வந்தது என்று எம்.டி.யிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். 1990-களின் கடைசியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற அஜைல் முறையில் வேலை செய்தவர்கள், 'யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால் இந்த வேலைக்கு எத்தனை நாள்' என்று மதிப்பிட்டார்கள். நிஜத்தில் அதைப்போல மூன்று மடங்கு ஆனது. மூன்று நாள் என்றீர்களே, ஒன்பது நாள் ஆகிவிட்டதே என்று மேலே இருந்தவர்கள் கேட்கக் கேட்க, நாள் கணக்கு எதற்கு வம்பு என்று பாயின்ட் ஆக்கிவிட்டார்கள். இதைச் சொல்பவர் அந்தக் கூட்டத்தில் இருந்த ரான் ஜெஃப்ரீஸ். பாயின்ட்டைக் கண்டுபிடித்தது நானாகத்தான் இருக்கும், அப்படியானால் அதற்காக வருந்துகிறேன் என்று 2019-ல் எழுதியும்விட்டார். நீங்கள் நடத்தும் ஸ்பிரின்ட், ரெட்ரோ எல்லாம் ஸ்க்ரம் என்ற அஜைல் முறையில் வருபவை. அந்த ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பு மொத்தமே 13 பக்கம். அதில் ஸ்டோரி பாயின்ட் (இந்தப் பாயின்ட்டின் முழுப் பெயர்) என்று ஒன்று கிடையாது. பயிற்சியில் எம்.டி.க்கு இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் 'நீங்கள் செய்தது தப்பு' என்று அவரிடம் பேச்சைத் தொடங்காதீர்கள். அவருடைய பயம் நியாயமானது. முதல் தேதி சம்பளம் போட வேண்டும். மன்னார்குடி ஆலைக்காரர் 'எப்போ தருவீங்க' என்றால் ஒரு தேதி சொல்ல வேண்டும். அந்தத் தேதியைப் பாயின்ட் தந்துவிடும் என்று நம்பியிருக்கிறார். அதற்குப் பதிலாக வேறு ஒன்றைக் கையில் கொடுங்கள். ஒரு எக்செல் தாள் போதும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டே தேதி: நாம் கையில் எடுத்த தேதி, ஆலையில் அதை உபயோகிக்க ஆரம்பித்த தேதி. இரண்டு மாதம் விடாமல் எழுதினால், 'இந்த மாதிரி வேலையில் பத்துக்கு எட்டு, பன்னிரண்டு நாளில் போய்ச் சேருது' என்கிற மாதிரி ஒரு பதில் அவர் கையில் இருக்கும். போனில் ஆலைக்காரரிடம் சொல்ல அது உதவும். ஒரே ஒரு நிபந்தனை: அந்தத் தாளில் ஆள் பெயருக்கு இடம் இருக்கக் கூடாது. இருந்தால் ஆறே மாதத்தில் அதுவும் பாயின்ட் மாதிரிதான் ஆகும்.

சரி, ஸ்டாண்ட்-அப்புக்கு வருவோம். கையேட்டின்படி அது 15 நிமிடம், புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்று மூன்று கேள்வி கேட்பார்களே, அதைக்கூட 2020-ல் எடுத்துவிட்டார்கள். உங்களுடையது ஏன் முக்கால் மணி நேரம் ஆகிறது என்று அறிய நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். பேசுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் கண்ணைப் பாருங்கள். எல்லாக் கண்ணும் எம்.டி. பக்கம் இருந்தால் அங்கே நடப்பது ஆஜர் சொல்லும் சடங்கு. ஒருவர் பேசும்போது மற்ற எட்டுப் பேரும் தன் முறை வரும்போது என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

'எம்.டி. வந்து பேசாமல் நிற்கட்டும்' என்று பயிற்சிகளில் சொல்வார்கள். அது நம் ஊரில் நடக்காது. அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறவர்கள் நாம். அவர் பேசாமல் நின்றால் இன்னும் பயம்தான் கூடும். கோபமாக இருக்கிறாரோ என்று அன்றைக்கு மத்தியானம்வரை அதே பேச்சாக இருக்கும். ஆகவே பத்தரைக்கோ பதினொன்றுக்கோ நீங்கள் மட்டும் போய் ஐந்து நிமிடம் நிலவரம் சொல்லிவிட்டு வாருங்கள். காலைக் கூட்டம் டீமுக்கு மட்டும். ஆள் வரிசையிலும் கேட்காதீர்கள். எந்த வேலை எந்த நிலையில் என்று காட்டும் போர்டில் எந்த வேலை முடிவுக்கு மிகக் கிட்டே நிற்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். 'இதை ஆலையில் போட இன்னும் என்ன பாக்கி? யார் கை வைத்தால் இன்றைக்கே முடியும்?' இந்த இரண்டு கேள்வி போதும்.

கேள்வியை இப்படி மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியவர் கேட்டால் 'முடியாது' என்று சொல்லும் பழக்கம் டெல்டாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இல்லை. அதிலும் எம்.டி. உள்ளூர்க்காரராகவும் பையனின் அப்பாவுக்குத் தெரிந்தவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 'முடிஞ்சிடுமாப்பா?' என்றால் 'முடிஞ்சிடும் சார்' என்றுதான் வரும். மறுநாள் 'ஏறக்குறைய முடிஞ்சிடுச்சு சார்'. அதற்கு மறுநாளும் அதேதான். பையன் பொய் சொல்லவில்லை, மரியாதை காட்டுகிறான். என்ன பாக்கி என்று கேட்டால், தலையாட்டித் தப்பிக்க வழியில்லை. 'வெறும் வண்டி எடையைச் சேவ் பண்ணும்போது எரர் வருது, ஏன்னு தெரியல' என்று ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதைச் சொன்னவுடன் யாராவது 'அது எனக்குத் தெரியும், வா' என்று எழுந்தால் கூட்டம் நன்றாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாதி வேலை தள்ளிப்போவதற்கு இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, ஒரே நேரத்தில் நிறைய வேலையைத் திறந்துவைத்திருப்பது. ஒன்பது பேருக்கு இருபது வேலை 'நடந்துகொண்டிருக்கிறது' என்று போர்டு காட்டினால் உண்மையில் எதுவும் நடக்கவில்லை. எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வையுங்கள், ஆறு ஏழுக்கு மேல் வேண்டாம். ஒன்று முடிந்து ஆலைக்குப் போனால்தான் அடுத்தது. முதல் வாரம் யாராவது சும்மா இருப்பது போலத் தெரியும். எம்.டி.க்கு உறுத்தும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று ஆலைக்காரர்களின் போன். இதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். உங்கள் வாடிக்கையாளருக்கு என்று ஒரு காலண்டர் இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பா ஜனவரி, பிப்ரவரியில். தாளடி அதன் பின்னாலேயே. இந்த மாதங்களில் ஆலை வாசலில் டிராக்டர் வரிசையாக நிற்கும். இராத்திரி மழை பெய்தால் காலையில், நெல்லின் ஈரத்துக்காக எடையில் கழிக்கிற ஈரக்கழிவுக் கணக்கை மாற்ற வேண்டும் என்பார்கள். அவரிடம் போய் 'அடுத்த ஸ்பிரின்டில் எடுத்துக்கொள்கிறோம்' என்று சொன்னால் அவர் போனை வைத்துவிட்டுப் பழைய பேரேட்டை எடுத்துவிடுவார். இந்தக் காலண்டரைப் பற்றி எந்த வெளியூர்க் கோச்சுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும், ஆனால் ஸ்பிரின்ட் என்று ஆரம்பித்தவுடன் வருடம் முழுக்க இரண்டு வாரம் இரண்டு வாரமாக ஒரே சீராக வெட்டிவிட்டீர்கள்.

இரண்டு வாரம் என்பது யாரும் விதித்ததல்ல. ஒரு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று மட்டுமே கையேடு சொல்கிறது. ஆகவே சீசனில் ஸ்பிரின்ட் திட்டத்தையே நிறுத்திவைத்து, வந்ததை வரிசையில் போட்டு ஒவ்வொன்றாக முடியுங்கள். இதைக் கான்பான் முறை என்பார்கள், பெயர் முக்கியமில்லை. வாரம் ஒருவர் போன் டியூட்டி. அந்த வாரம் அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. மற்றவர்கள் போனை எடுக்கவே வேண்டாம். பெரிய மாற்றங்களை ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஸ்பிரின்ட் போடலாம், ஆலைக்காரரும் உட்கார்ந்து பேச நேரம் கொடுப்பார். இப்போது கார்த்திகை மழை. தை பிறக்கும் முன் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றிக் கேட்கிறேன். ஒரு மாற்றம் தயாரானால் அது ஆலைக்கு எப்படிப் போகிறது? பெரும்பாலும், ஒவ்வொரு ஆலைக் கம்ப்யூட்டரிலும், தூரத்திலிருந்தே இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக நுழைந்து, டேட்டாபேஸுக்கு பேக்கப் எடுத்து, பழைய பைலை மாற்றி, 'இப்ப ஒரு எடை போட்டுப் பாருங்க' என்று போனில் சொல்லிக் காத்திருப்பீர்கள். ஆலைக்கு ஒரு மணி நேரம். இருபது ஆலை என்றால் ஒரு ஆளின் வாரத்தில் பாதி அதிலேயே போய்விடும். இப்படியிருக்க, ஸ்டாண்ட்-அப்பை ஒழுங்குபடுத்தி என்ன ஆகப்போகிறது? மீட்டிங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, புரோகிராம் எழுதும் முறையில் எதையும் மாற்றாத டீம்கள் சீக்கிரமே சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்று மார்ட்டின் ஃபவுலர் 2009-லேயே எச்சரித்தார். 2001-ல் யூட்டாவில் கூடி அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் அவரும் ஒருவர்.

தானாகவே அப்டேட் ஆகும்படி செய்வதற்கு ஒரு ஆளை ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஜிராவில் அதற்கு யாரும் பாயின்ட் தர மாட்டார்கள், ஆனாலும் ஒதுக்குங்கள். கூடவே கணக்குப் போடும் பகுதிகளுக்குத் தானியங்கிச் சோதனை எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம். மொத்த எடையில் வெறும் வண்டி எடை கழிவது, ஈரக்கழிவு, கருக்காய்க் (பதர்) கழிவு, மூட்டைக் கணக்கு, இவை போதும். அரசு கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ, வியாபாரிகளிடம் 60 கிலோ மூட்டை ஓடும். இந்த ஒரு இடத்தில் பிழை வந்தால் ஒரே ஆலையில் ஒரே நாளில் எத்தனை ரூபாய் என்று உங்களுக்கே தெரியும். பயந்து பயந்து ரிலீஸ் செய்கிற டீம் எதையும் சீக்கிரம் முடிக்காது.

இதைவிட முக்கியம், ஸ்பிரின்ட் ரிவ்யூவை, அதாவது முடித்த வேலையைக் காட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டத்தை, உங்கள் ஏ.சி. அறையில் வைக்காதீர்கள். நீடாமங்கலம் பக்கம் ஒரு ஆலையில் வேறொரு டீம் செய்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டீம் என்னை அழைத்திருந்ததால் எடைமேடை அறையில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். நெல் ஏற்றிய டிராக்டர் மேடையில் ஏறுகிறது. கணக்குப்பிள்ளை திரையைப் பார்க்காமல், கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எடையை எழுதுகிறார். ஏன் என்று கேட்டேன். திரை முதலில் வண்டி நம்பரைக் கேட்கிறது. டிரெய்லரில் பல நேரம் நம்பர் அழிந்திருக்கும், வண்டிக்காரர் மேலே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டபடி கத்துவார், பின்னால் நான்கு வண்டி நிற்கும். அதனால் எடையைத் தாளில் எழுதி வண்டியை அனுப்பிவிடுகிறார். சாயங்காலம் டீ குடித்துவிட்டு எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுகிறார். நம்பர் இல்லாத இடத்தில் எல்லாம் சைபர் சைபராக ஒரு பொய் நம்பர். அந்த டீமோ 'வண்டிவாரியான அறிக்கை' என்று ஒன்றை இரண்டு ஸ்பிரின்ட் செலவழித்துச் செய்து, டெமோ காட்டி, கைதட்டும் வாங்கியிருந்தது. அறிக்கையைத் திறந்தால் பாதி நெல் ஒரே வண்டியில் வந்திருந்தது!

தேவைப்பட்டதெல்லாம் எடையை முதலில் பதிந்துகொண்டு நம்பரை அப்புறம் கேட்பதுதான். அரை நாள் வேலை. அந்தக் கணக்குப்பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. 'கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வரும் போலன்னு இருந்துட்டேன்' என்றார். ஆகவே மாதத்தில் ஒரு நாளாவது டீமில் இருவர் ஏதாவது ஒரு ஆலைக்குப் போய் உட்காரட்டும். கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். ஆலை முதலாளியிடம் பேசிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது, அவர் திரையைத் தொடுவதில்லை. தொடுகிறவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். வேகமாகக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ரெட்ரோ பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எம்.டி. அதில் இருக்கக் கூடாது. இன்கிரிமென்ட்டில் உங்கள் கையும் இருந்தால் முதல் இரண்டு தடவை நீங்களும் வெளியே இருங்கள். பெயர் போடாமல் சீட்டில் எழுதச் சொல்லி, அதில் ஒன்றே ஒன்றை எடுங்கள். அது டெஸ்ட் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்பதாகவோ, யு.பி.எஸ். பேட்டரி செத்துவிட்டது என்பதாகவோ இருக்கலாம். அந்த வாரமே சரிசெய்துவிடுங்கள். சொன்னால் நடக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பெரிய விஷயம் வெளியே வரும். அதுவரை 'எல்லாம் நல்லாத்தான் சார் போகுது' என்றுதான் சொல்வார்கள்.

கோச் விஷயம். எம்.டி. பிடிவாதமாக இருந்தால் வரச்சொல்லுங்கள், ஆனால் வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். டீமோடு உட்கார்ந்து புரோகிராமைப் பார்ப்பீர்களா? இப்போது நடக்கிற எந்த மீட்டிங்கை எடுத்துவிடுவீர்கள்? இரண்டு நாள் வகுப்பில் வாங்கிய சான்றிதழை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. புதிதாக என்னென்ன சேர்ப்பேன் என்று பட்டியல் போட ஆரம்பித்தால், நல்ல டிகிரி காபி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுங்கள்.

போகிறேன் என்கிற இருவரைப் பற்றி: சென்னைச் சம்பளத்தோடு உங்களால் போட்டிபோட முடியாது என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் கிளம்பும் முன் தனித்தனியாக உட்காரவைத்து, சம்பளம் தவிர வேறு எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். எம்.டி.யிடம் பேசப் போகும்போது அவர்கள் சொன்னதைக் கொண்டுபோங்கள், என் கடிதத்தைவிட அது எடுபடும்.

அவ்வளவு பேசியும், பாயின்ட் இல்லாமல் இன்கிரிமென்ட் போட மாட்டேன் என்று அவர் நின்றால் ஒரு வழி இருக்கிறது. பெரிய வேலைகளையெல்லாம் இரண்டு மூன்று நாளில் முடிகிற துண்டுகளாக உடையுங்கள். உடைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பாயின்ட். கட்டம் சேர்ப்பதற்கும் ஒன்று, பிழை திருத்துவதற்கும் ஒன்று, புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும், ஆலைக்குப் போய் ஒரு நாள் உட்கார்ந்து வருவதற்கும் ஒன்று. பல டீம்கள் இதை வெளிப்படையாகவே செய்கின்றன. அவருக்கு எண் கிடைத்துவிடும், உங்கள் ஆட்களுக்கு மதிப்பிடும் மீட்டிங் மிச்சமாகும்.